கருவிழி ஓரத்தில் ஒரு செம்பு வளையம்

அமெரிக்க மருத்துவத் தொடரான ‘ஹவுஸ்’ முதல் சீசனில், மனச்சிதைவு நோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு தாய் வருவார். கடைசியில் அவர் கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்த வளையம் தெரியும். வில்சன் நோய் என்று முடிவாகும். கதைக்காக ஜோடித்தது போலத் தோன்றினாலும், இந்த நோய் நிஜமாகவே இப்படி வேடம் போடும்.

சாப்பாடு வழியாகத் தினமும் 1 முதல் 2 மில்லிகிராம் செம்பு உள்ளே போகிறது. உடலுக்கு அது வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். மிச்சத்தைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. அந்த வேலையைச் செய்வது ஏடிபி7பி என்ற புரதம். அதற்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்தால் வாசல் அடைபடும். செம்பு வருடக்கணக்கில் கல்லீரலில் சேர்ந்து, அப்புறம் ரத்தத்தில் கசிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகும். கை நடுக்கம், குழறும் பேச்சு, மாறிப்போகும் குணம் எல்லாம் அதன் பிறகுதான். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் இந்த நோயை 1912இல் விரிவாக விவரித்தவர் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன்.

வேடிக்கை என்னவென்றால், ரத்தத்தில் மொத்தச் செம்பை அளந்தால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும்! வழக்கமாக ரத்தத்துச் செம்பில் பெரும்பகுதியைச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற புரதம். அதில் செம்பை ஏற்றுவதும் அதே ஏடிபி7பிதான். ஏற்றப்படாத செருலோபிளாஸ்மின் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் மொத்தக் கணக்கு இறங்குகிறது. கட்டுப்படாமல் திரியும் செம்போ ஏறுகிறது, சிறுநீரிலும் இறங்குகிறது. அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள செம்பை அளக்கிறார்கள்.

வளையம் முதலில் கருவிழியின் மேல் விளிம்பில் பிறை போல, பொன்னும் பழுப்புமாகத் தெரியும், பிறகு கீழே, கடைசியில் இரண்டும் சேரும். கரிய கண்களில், ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி இல்லாமல் பிடிபடுவது கடினம். கல்லீரல் மட்டும் பாதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையமே இருக்காது. தொடர்கள் இதைச் சொல்வதில்லை.

சிகிச்சை வாழ்நாள் முழுக்க. பெனிசிலமின் என்ற மருந்து செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியே இழுத்துப் போகும். துத்தநாக மாத்திரை குடலிலேயே அதைத் தடுக்கும். ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. அறிகுறி தெரியும் முன்பே மருந்தைத் தொடங்கி விடாமல் எடுத்தால், பெரும்பாலும் நோய் தலைகாட்டுவதே இல்லை.