லியோபோல்டின் நாட்குறிப்பும் செடிகளின் இரு கடிகாரங்களும்

“நிலத்திடமும் அறத்தோடு நடக்க வேண்டும் என்று ஆல்டோ லியோபோல்டு சொன்னதால் அறிவியலுக்கு என்ன பயன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லியோபோல்டு தம் பண்ணையில் எழுதிவந்த நாட்குறிப்பே அதற்கு விடை தரும்.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிப் பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரான லியோபோல்டு, 1935-இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் சத்திழந்த மணற்பாங்கான பண்ணையொன்றை வாங்கினார். மண், நீர், செடி, விலங்கு அனைத்தும் ஒரே சமூகம், மனிதன் அதன் ஆண்டான் அல்லன், உறுப்பினனே என்பதுதான், அவர் மறைந்த மறு ஆண்டான 1949-இல் வெளிவந்த நூலில் அவர் வகுத்த நில அறம். காசு தராத உயிர்களுக்கும் அச்சமூகத்தில் இடமுண்டு என்று நம்பியவர் ஆதலால், எந்தப் பூ என்று மலர்ந்தது, எந்தப் பறவை என்று வந்தது என ஆண்டுதோறும் குறித்துவைத்தார். 1976 முதல் மகள் நீனா அந்தப் பதிவைத் தொடர்ந்தார். நீனாவும், தாவர உடலியல் அறிஞரான அவருடைய தம்பி கார்லும் மற்றவர்களோடு சேர்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 55 வசந்தகால நிகழ்வுகள் சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் முந்திவந்தது தெரிந்தது. 61 ஆண்டுகளில் இது ஏறத்தாழ ஒரு வாரம். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே நிதி ஒதுக்கும் வழக்கம் இத்தகைய அறிவை ஒருநாளும் தராது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், சில நிகழ்வுகள் தம் நாளைவிட்டு நகரவே இல்லை. என்னை வியக்க வைப்பவை அவைதாம். குளிர்காலம் கழிந்தபின் சேரும் வெப்பத்தைக் கணக்கிட்டு மொட்டவிழ்க்கும் செடி, வசந்தம் சூடாக வந்தால் முந்திப் பூக்கும். வேறு சில செடிகளோ வெப்பத்தை நம்பாமல் இரவின் நீளத்தை அளக்கின்றன. இலையில் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பொளி பட்டால் அது செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது, இருளில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒளி எப்போது வந்தது, எப்போது போனது என்று அது தரும் செய்தியைச் செடி தன் உள்ளேயே ஓடும் ஒருநாள் தாளத்தோடு ஒப்பிட்டுப் பருவத்தை அறிகிறது; காலம் கனிந்ததும் இலையில் உருவாகும் ஒரு புரதம் தண்டின் நுனிக்குப் பயணம் செய்து, பூவாக மாறச் சொல்கிறது. நள்ளிரவில் விளக்கேற்றி இருளைத் துண்டாக்கினால் சாமந்தி மொட்டு வைக்காமல் இருப்பது இதனால்தான். புவி எவ்வளவு சூடானாலும் மார்ச் மாத இரவின் நீளம் மாறுவதில்லை. ஆகவே இந்தக் கடிகாரமும் மாறுவதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெப்பத்தைக் கேட்டு முந்திப் பொரியும் புழுக்களின் காலம், பகலின் நீளம் பார்த்துத் தொலைவிலிருந்து கிளம்பும் பறவை வந்து சேர்வதற்குள் கடந்துவிடலாம். அதன் குஞ்சுகளுக்கு இரை குறையும். லியோபோல்டு பூவையும் பறவையையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்ததால்தான், அந்தப் பண்ணையில் எது முந்தியது, எது நின்ற இடத்திலேயே நின்றது என்று இன்று ஒப்பிட முடிகிறது.