ஆட்டத்தை விட்டுவிட்டு விசிலை எடுக்கும் முன்

செரில் ஃபாஸ்டர் வேல்ஸ் மகளிர் கால்பந்து அணிக்காக 63 சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர். பிறகு நடுவர் பயிற்சிக்குப் போய், 2016-ல் சர்வதேச நடுவர்களுக்கான ஃபிஃபா பட்டியலில் இடம்பிடித்தார். 2022 மகளிர் யூரோவில் ஜெர்மனி - பிரான்ஸ் அரையிறுதியையும், 2023-ல் பார்சிலோனா - வுல்ஃப்ஸ்பர்க் சாம்பியன்ஸ் லீக் இறுதியையும் நடத்தியவர் அவர்தான். நம் பக்கத்தில் திண்டுக்கல் ரூபா தேவியும் ஆடுகளத்திலிருந்து வந்து ஃபிஃபா நடுவர் ஆனவரே. விளையாட்டு பிசியோதெரபிஸ்டாக நான் பார்க்கும் பெண்களிடம் இந்த இருவரைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறேன்.

காரணம் இருக்கிறது. முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்து வரும் பெண்கள் அதிகம். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குக் கூடுதலாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் "போதும், இனி கிரவுண்டு பக்கமே போகாதே" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலருக்குக் கல்யாணத்தோடு ஆட்டம் நின்றுபோகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடிச் சேர்த்த ஆட்ட அறிவு அப்படியே வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நடுவராகலாமே என்று சொன்னால், "ஓடுறது எனக்குப் புதுசாக்கா?" என்று கேட்கிறார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. இந்த ஓட்டம் வேறு. ஒரு போட்டியில் நடுவர் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். களைத்துவிட்டார் என்று அவரை மாற்ற மாட்டார்கள். பந்தைத் தொடாமல், ஆட்டத்தைக் கண்ணில் வைத்தபடியே பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்ந்து, சட்டென்று திரும்பி விரட்ட வேண்டும். தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும் முதலில் அடி வாங்கும்.

ஃபிஃபா தகுதித் தேர்வைப் பாருங்கள். மகளிர் நடுவர் 40 மீட்டரை 6.4 விநாடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். ஒன்றில் தவறினால் ஏழாவதாக ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டில் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்து 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று மாறி மாறி 40 முறை. நான் பார்த்தவரையில் முன்னாள் ஆட்டக்காரர்கள் முதல் பகுதியைத் தம் கட்டித் தாண்டிவிடுகிறார்கள். இரண்டாவதில், பாதிக்கு மேல் போனதும், ஆபரேஷன் செய்த காலைக் காப்பாற்ற இடுப்பு ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறது. ஓடுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. பாரம் முழுவதும் நல்ல காலுக்குப் போய், தசை பிடித்துக்கொள்கிறது.

ஆகவே, ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்கள் ஒன்பது மாதம் முடியாமல் வேகமாகத் திரும்பும் ஓட்டத்துக்குப் போக வேண்டாம். மாதம் மட்டும் கணக்கல்ல. ஒற்றைக்காலில் தாவிப் பார்க்கும்போது ஆபரேஷன் செய்த கால் மறுகாலின் 90 சதவீதத் தூரமாவது போக வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காயம் வராமல் தடுக்க ஆட்டக்காரர்கள் செய்யும் 11+ என்ற வார்ம்-அப் போலவே நடுவர்களுக்கென்றும் ஒன்று இருக்கிறது; உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் சொல்லத் தயங்குவது. மூச்சு வாங்குகிறது, பயிற்சி எடுத்தும் நேரம் குறையவில்லை என்று வருபவர்களை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எத்தனை சுற்று ஓடியும் பலனில்லை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் மகளிர் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வயதையும் கவனியுங்கள். ஃபிஃபா பட்டியலில் நடுவராக நுழையக் குறைந்தது 25 வயது, துணை நடுவருக்கு 23. அதற்குள் உள்ளூர்ப் போட்டிகளில் ஏறி வர ஆண்டுகள் பிடிக்கும். முழுதாக ஆட்டத்தை விடும்வரை காத்திருக்காமல், ஆடிக்கொண்டிருக்கும்போதே மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் நடுவர் வகுப்பு எப்போது என்று விசாரித்து வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் முட்டியையும் ரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.