அன்று காலை மாமா விட்ட குளிசை

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுத் தொடரில் இருக்கும் மாமாவுக்கு 54 வயது. இளம் வயதிலிருந்தே இரத்தம் கொடுத்து வந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் கிளினிக்கில் பிரஷர் என்று சொல்லி லொசாட்டன் தொடங்கிய பிறகு அதை நிறுத்திவிட்டார். ஒரு போயா நாளில் பக்கத்தில் இரத்ததான முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு மனம் கேட்கவில்லை. "மருந்து ஊறின இரத்தத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கலாமோ பிள்ளை? அது பாவமெல்லோ" என்று முதல்நாள் இரவுக் குளிசையையும் அன்று காலைக் குளிசையையும் விட்டுவிட்டுப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பிரஷர் 168க்கு 104. குளிசையைப் போட்டுவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டாராம்.

மாமாவின் மனம் நல்ல மனம். கணக்குத்தான் பிழை. அந்தப் பிழையைப் பலர் விடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

50 மில்லிகிராம் லொசாட்டன் குளிசை ஒன்றை விழுங்குகிறோம் என்று வையுங்கள். அதில் ஒரு துளிகூட வெளியேறாமல் முழுவதும் இரத்தத்திலேயே நின்றாலும், உடலில் உள்ள ஏறக்குறைய 5 லீற்றரில் 450 மில்லிலீற்றரை எடுத்தால் பையில் சேர்வது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையில் அவ்வளவும் இரத்தத்தில் நிற்பதில்லை. ஈரல் ஒரு பகுதியை மாற்றிவிடும், இழையங்களுக்குள் ஒரு பகுதி போய்விடும், சிறுநீரகம் ஒரு பகுதியை வெளியேற்றும். இன்னொரு பிரஷர் மருந்தான அம்லோடிபின் இன்னும் ஒரு படி மேலே. அது இரத்தத்தில் இருப்பதைவிடத் தசைகளிலும் மற்ற இழையங்களிலும் ஒளிந்திருப்பதே மிக அதிகம். ஆகவே பைக்குள் போவது நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குப் பிறகும் இரத்த வங்கியில் செங்குழியங்களைப் பிரித்தெடுக்கும்போது மருந்து கரைந்திருக்கும் திரவவிழையத்தின் (பிளாஸ்மா) பெரும்பகுதி வேறு பைக்குப் போய்விடுகிறது. மிஞ்சியதும் நோயாளியின் இரத்தத்தில் கலந்து கரைந்துவிடும். இந்த அளவு மருந்தால் அவருடைய பிரஷர் குறையப்போவதில்லை.

இந்தக் கணக்கு எல்லா மருந்துக்கும் பொருந்தாது. பிரஷர் உள்ள வயதில் பலர் கூடவே அஸ்பிரினும் போடுவார்கள். அது, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் ஒட்டும் தன்மையைக் கெடுத்துவிடும். சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் கெட்டதைத் திருத்திக்கொள்ள அதனால் முடியாது; வாழும் ஏழெட்டு நாளும் அப்படியே இருக்கும். எனவே அண்மையில் அஸ்பிரின் எடுத்தவரின் சிறுதட்டுகளை மட்டும் நம்பி ஒரு நோயாளிக்கு ஏற்றுவதில்லை. செங்குழியங்களுக்கு இதனால் கேடில்லை. புரஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டியூட்டஸ்டரைடு வேறு கதை. மிகச் சிறிய அளவே கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள ஆண் சிசுவுக்குக் கெடுதி செய்யக்கூடும் என்பதால், அதை நிறுத்தி 6 மாதம் கழியும்வரை இரத்தம் எடுப்பதில்லை. பிரஷருக்கு மட்டும்தானே என்று நினைக்காமல், போடும் குளிசை எல்லாவற்றின் பெயரையும் சொல்லவேண்டியது இதற்காகத்தான்.

அப்படியென்றால் பிரஷர் குளிசையைப் பற்றி டொக்டர் ஏன் துருவித் துருவிக் கேட்கிறார்? இரத்தத்தைப் பெறப்போகிறவரைவிடக் கொடுக்கப்போகிறவரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

பிரஷரைப் பாடசாலையில் குருதியமுக்கம் என்று படித்தோமே, அதை உடல் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கிறது. தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. கையில் ஊசி ஏறி இரத்தம் பைக்குப் போகத் தொடங்கியதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். சுவர் சற்றுத் தளரும். அதை அந்த முனைகள் மூளைக்குச் சொல்லும். இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்கள் இறுகித் தங்களுக்குள் தேங்கிய இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும். உடலின் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாளங்களில்தான் கிடக்கிறது; அது நம்முடைய சேமிப்புக் கணக்கு. சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்க, அதன் வழியில் அஞ்சியோடென்சின் என்ற இன்னொரு பொருள் உருவாகி நாடிகளை இறுக்கும், உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தும். படுத்திருக்கும்போது இவ்வளவும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

உண்மையான சோதனை கட்டிலைவிட்டு எழும்பும்போது வருகிறது. எழுந்து நின்றதும் அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். அதாவது, ஏற்கனவே 450 மில்லிலீற்றர் கொடுத்த உடல் அந்த நிமிடத்தில் கிட்டத்தட்ட இன்னொரு பையையும் இழந்ததுபோலத்தான். தாதி அவசரமாக எழும்ப விடாமல் இருக்கவைத்து, குடிக்க ஏதாவது தருவது உபசாரத்துக்காக மட்டுமல்ல.

இனிக் குளிசைகளுக்கு வருவோம். பிரஷர் மருந்து ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஈடுகட்டும் வேலையில் ஏதோ ஒன்றைத் தணித்து வைக்கிறது. அடெனோலோல், பிசோபுரொலோல் போன்றவை இதயத்தின் வேகத்தைப் பிடித்து வைக்கும். வேகமாகத் துடிக்கவேண்டிய நேரத்திலும் அது முழுதாகத் துடிக்காது. எனலபிரில் அஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைக்கும், லொசாட்டன் அதன் வேலையைத் தடுக்கும். தண்ணீரைச் சிறுநீராகப் போக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு முதலிலேயே கையிருப்பைக் குறைத்து வைத்திருக்கும். பிரசோசின் எழுந்து நிற்கும்போது நாளங்களை இறுகவிடாது. குளிசை தொடங்கிய நாட்களில் தலைசுற்றுவதாக முதியவர்கள் சொல்வது இதனால்தான். இவற்றில் ஒன்றைச் சிறு அளவில் போட்டு, பிரஷரும் மாதக்கணக்காக ஒரே நிலையில் இருந்தால், மற்ற வழிகள் சேர்ந்து உடலைச் சமாளித்துவிடும். இரண்டு மூன்று வகை சேரும்போதோ, அளவை அண்மையில் கூட்டியிருக்கும்போதோதான் யோசிக்கவேண்டும். லொசாட்டன் போன்றவற்றின் முழு வேலை தெரிய மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். அதுவரை உடல் புது நிலைக்குப் பழகிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கே கோடு போடுவது என்பதில் நாடுகள் ஒன்றுபோல இல்லை. இந்தியாவின் 2017 வழிகாட்டல் மருந்தோடோ மருந்தில்லாமலோ 140க்கு 90 வரை ஏற்கிறது. ஆனால் கடந்த 28 நாளில் மருந்தையோ அளவையோ மாற்றியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் 180க்கு 100 வரை இடமுண்டு. நம் நாட்டில் 18 வயதிலிருந்து 60 வயதுவரை, 4 மாத இடைவெளியில் கொடுக்கலாம். பிரஷர்காரர் விடயத்தில் அன்றைய அளவையும் கிளினிக் கொப்பியையும் பார்த்து டொக்டர் எடுப்பதே முடிவு. முகாமுக்குக் காத்திருக்காமல் நாரஹேன்பிட்டவில் உள்ள தேசிய இரத்த வங்கிக்கே போயும் கேட்கலாம். 2014 முதல் இங்கே சேரும் இரத்தம் முழுவதும் தாமாக முன்வந்து கொடுப்பவர்களுடையது. கொடுப்பவர் சொல்லும் உண்மையை நம்பித்தான் மேசையில் இருக்கும் அந்த டொக்டர் வேலை செய்கிறார்.

குளிசையை விட்டுவிட்டுப் போவது இரத்தத்தைச் சுத்தமாக்காது. பிரஷரை மட்டும் ஏற்றும். அடெனோலோல் வகையைத் திடீரென நிறுத்துவது இதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியையும் மாரடைப்பையும்கூடக் கொண்டுவரலாம். இரத்தம் கொடுத்தால் பிரஷர் இறங்கும், மருந்து தேவைப்படாது என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். போன திரவத்தை உடல் ஓரிரு நாளில் நிரப்பிவிடும். செங்குழியங்கள் நிரம்பத்தான் வாரக்கணக்காகும்.

கொடுக்கும் நாளில் நேரத்துக்குக் குளிசை, வயிறு நிறையச் சாப்பாடு, வழமையைவிட அதிகம் தண்ணீர். கொழும்பு வெயிலில் தோலின் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கேயும் தேங்கும். ஆகவே முகாமிலிருந்து இறங்கி காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வீடு போகவேண்டாம். இருக்க இடம் கிடைக்கும் பஸ்ஸுக்குக் காத்திருங்கள், இல்லாவிட்டால் ஓட்டோ பிடியுங்கள்.

மாமா இரண்டு மாதம் கழித்து மறுபடி போனார், இந்தமுறை குளிசையைப் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியோடு. துணைக்கு நானும் போனேன். பிரஷர் 134க்கு 82. மாமாவின் முகம் மலர்ந்தது. டொக்டர் கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. லொசாட்டன் அளவைக் கூட்டி 11 நாள்தான் ஆகியிருந்தது. "ஒரு மாதம் போகட்டும் ஐயா, இதே அளவில நிக்குதா எண்டு பாப்பம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமா குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரைக் கழற்றி, ஒரு மாதம் எண்ணி, அதற்கு அடுத்து வரும் போயா நாளைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.