சேம்பு இலை: நாக்கு அரிக்காவிட்டால் போதுமா?

சேம்பு இலையைச் சாப்பிட்டுத் தொண்டை அரித்து, உதடு தடித்துப்போய் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எனக்கு இது அலர்ஜியா?" என்றுதான். பெரும்பாலும் இல்லை, இலை சரியாக வேகவில்லை, அவ்வளவுதான். உணவியல் ஆலோசகராக எனக்குக் கவலை தருவது அடுத்து வரும் கேள்வி: "அப்போ அரிக்காத மாதிரி சமைத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?" நாக்கு அரிப்பும் சிறுநீரகக் கல்லும் ஒரே கதை என்று நினைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது.

முதலில் அரிப்பு. இந்த இலையின் சில செல்களுக்குள், கால்சியமும் கீரைகளில் இயற்கையாக இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருளும் சேர்ந்த கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசி ஊசியாக, கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு முனையும் கூர்மை. கடித்தவுடன் செல் உடைந்து ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. அந்த ஊசிகளோடு ஒட்டியிருக்கும் நொதிகள், அதாவது புரதத்தைச் சிதைக்கும் பொருள்கள், குத்திய இடத்தில் எரிச்சலைப் பல மடங்கு ஏற்றிவிடுகின்றன. கொதிக்க வைத்தால் ஊசி கரைந்துபோவதில்லை, அந்த நொதிதான் செயலிழக்கிறது, நன்கு வெந்த இலை அரிக்காததற்கு முக்கியக் காரணம் அதுதான். புளி சேர்த்தால் அரிப்பு போய்விடும் என்ற நம்பிக்கையில் அரைவேக்காட்டில் இறக்குகிறார்கள் பாருங்கள், அது வேண்டாம். புளிப்பு உதவினாலும் வேகவைப்பதற்கு அது மாற்றாகாது.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். நாக்கைக் குத்துகிற அந்த ஊசிகள் தண்ணீரில் கரையாதவை, அதனால் பெரும்பகுதி குடல் வழியாகவே வெளியேறிவிடும். உடலுக்குள் அதிகம் போவது, நாக்கைக் குத்தாத இன்னொரு வடிவம், அதாவது தண்ணீரில் கரைந்த நிலையில் இருக்கும் ஆக்ஸலேட். இது ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறும்போது அங்கே கால்சியத்தைச் சந்தித்தால் படிகமாகிறது. சிறுநீரகக் கற்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தக் கால்சியம் ஆக்ஸலேட் வகைதான். ஆகவே வாய் கொஞ்சம்கூட அரிக்காமல் ருசியாகச் சாப்பிட்ட ஒருவருக்கும் ஆக்ஸலேட் சுமை அப்படியே இருக்க முடியும். ஆவியில் வேகவைப்பது, எண்ணெயில் பொரிப்பது, குக்கரில் போட்டு அந்தத் தண்ணீரோடு மசிப்பது எல்லாமே அரிப்பை அடக்கலாம், ஆனால் கரையும் ஆக்ஸலேட் போவதற்கு வழியே இல்லை. அது தண்ணீரில் இறங்கினால்தான் போகும், அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் போகும்.

நான் சொல்லும் முறை இதுதான்: தண்டின் நாரை உரித்து, தடித்த நடு நரம்பை நீக்கி, இலையை நறுக்கி நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்க விடுங்கள், குறைந்தது கால் மணி நேரம், முற்றிய இலையானால் அரை மணிக்கும் மேலே, இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றி, கடைசியில் வடித்துப் பிழிந்த பிறகு சமையலுக்கு எடுங்கள். ‘சத்தெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடுமே’ என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. வைட்டமின் சி கணிசமாகக் குறையும்தான், ஆனால் பீட்டா கரோட்டினும் நார்ச்சத்தும் பெரும்பாலும் இலையிலேயே தங்கும். பச்சை இலை 100 கிராமில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கிறது, கீரை வகையில் அது நல்ல அளவு. நல்ல உணவு இது, பயந்து ஒதுக்கத் தேவையில்லை.

கல் வந்தவர்கள் செய்கிற பெரிய தவறு பாலையும் தயிரையும் நிறுத்துவது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும், அதனால் சேம்பு இலை சாப்பிடும் அதே வேளையில் தயிரும் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது வெளியேறும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும். அடிக்கடி கல் வருகிறவர்கள், எடை குறைப்புக்காகக் குடல் மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இதை வழக்கமாகச் சாப்பிட வேண்டாம். கடைசியில் சொன்னவர்களுக்கு இதிலுள்ள பொட்டாசியமும் ஒரு பிரச்சினை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இந்த இலையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே இதில் இருக்கிறது.

பச்சையாக மிக்ஸியில் அடித்து ஜூஸ் குடிப்பது? எந்த நிலையிலும் வேண்டாம். இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்வதில்லை.

அப்புறம், இதே குடும்பத்தில் அழகுக்கு வளர்க்கும் கலேடியம், டீபன்பாக்கியா, அலோகேசியா எல்லாவற்றிலும் இதே ஊசிகள் உண்டு. சேம்பில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேரும் என்பது ஓர் அடையாளம், ஆனால் கலேடியத்திலும் அப்படி வரும் என்பதால் அதை மட்டும் நம்பித் தெரியாத செடியைப் பறித்துச் சமைக்காதீர்கள். குழந்தை எதையாவது கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாறு கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள், எந்தச் செடி என்று காட்ட ஓர் இலையையும் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.