மாடிகள் பெருகும், கூரை பெருகாது

தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் அடுக்குமாடி என்று யாராவது சொன்னால், முதலில் மொட்டைமாடியின் பரப்பைக் கேளுங்கள். 20 மாடி, மாடிக்கு 6 வீடு, ஆக 120 வீடுள்ள கட்டடத்துக்குக் கூரை 600 சதுர மீட்டர் என்று வையுங்கள். லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு வழி போக மிஞ்சுவது பாதி. நடைவழியோடு கிலோவாட்டுக்கு 8 சதுர மீட்டர் என்றால், 37 கிலோவாட் சூரிய மின்பேனல் வைக்கலாம். நல்ல வெயிலில் கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட்; மொத்தம் சுமார் 150. வீட்டுக்கு 8 யூனிட் என்றாலே தேவை 960. ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

ஆகவே கூரை மின்சாரத்தின் முதல் இலக்கு லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்குகள்தான். இவற்றின் மின்செலவைச் சுருக்குவது வடிவமைப்பாளர் கையில் இருக்கிறது. நாளைக்கு 65,000 லிட்டரை 60 மீட்டர் ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 21 யூனிட் பிடிக்கும். அதில் பாதித் தண்ணீர் கீழ் 10 மாடிகளில் செலவாகிறது. அதையும் உச்சிக்கு ஏற்றிவிட்டு, இறங்கும் வழியில் வால்வு போட்டு அழுத்தத்தைக் குறைப்பது வீண். நடுவில் ஒரு தொட்டி வைத்தால் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். தொட்டியின் எடையைத் தூண், பீம் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். பின்னால் நினைத்தால் நடக்காது.

நிழல்தான் பெரிய எதிரி. தொடர் இணைப்பில் எல்லாப் பேனலிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், ஒன்றின் மூலையில் விழும் தொட்டி நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள ஊர்களில் நிழல் பெரும்பாலும் வடக்கே விழும் என்பதால், தொட்டியையும் லிஃப்ட் அறையையும் கூரையின் வட ஓரத்துக்குத் தள்ளுங்கள். விளிம்பிலும் மூலையிலும் காற்று பேனலைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும். அங்கே இடம் விடுங்கள்.

சுவரிலும் பேனல் பதிக்கலாம், ஆனால் செங்குத்தாக நிற்பதால் விளைச்சல் கூரையைவிட நன்றாகவே குறையும். சூட்டில் திறன் மேலும் இறங்காமலிருக்கப் பின்னால் காற்றிடைவெளி வேண்டும். அதே இடைவெளி தீப்பற்றினால் புகைபோக்கியாகிவிடும். மாடிக்கு மாடி தீத்தடுப்பு வைக்காமல் விடவே கூடாது.

உச்சியில் காற்றாலை வைக்கும் ஆசையை விட்டுவிடலாம். லண்டனில் 2010-இல் முடிந்த ஸ்ட்ராட்டா குடியிருப்பின் தலையில் 3 காற்றாலைகள் பொருத்தினார்கள். கட்டடத்தின் தேவையில் 8 சதவீதம் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அவை பெரும்பாலும் சுழலாமலே நிற்கின்றன.

இன்னொன்றைக் குடிவருவோரிடம் முன்பே சொல்லுங்கள்: பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் மின்வாரிய இணைப்போடு மட்டும் இயங்கும் வகை என்றால், கரண்ட் போனதும் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். பேனல் மின்சாரம் லைனுக்குள் போகாமல், அங்கே வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்தடையிலும் லிஃப்ட் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், லிஃப்டுக்குத் தனி மின்பலகையும், காற்றோட்டமுள்ள பேட்டரி அறையும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.