ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் சூடு

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் போன மார்கழியில், வெந்நீர் போடும் ஹீட் பம்ப் என்ற கருவியைப் பற்றிப் பேச்செடுத்தேன். அது ஒரு யூனிட் கரண்ட் எடுத்துக்கொண்டு மூன்று யூனிட் அளவுக்குச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் என்றதும், "டேய், ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கே. ஒன்னு போட்டா மூனு வரும்னு சீட்டுக் கம்பெனிக்காரன்தான் சொல்லுவான்" என்றார். நியாயமான சந்தேகம். இதற்கான பதில் புரிந்துவிட்டால் வீட்டில் வெந்நீருக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்பதைக் கடைக்காரரை நம்பாமல் நாமே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும், ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கிலோ கலோரி. தொட்டித் தண்ணீர் 26 டிகிரியில் இருக்கிறது, குளிக்க 40 டிகிரி போதும் என்று வைத்தால், 20 லிட்டர் வாளிக்கு 280 கிலோ கலோரி, அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஊட்டியில் தண்ணீர் 12 டிகிரியில் குழாயில் வந்தால் அதே வாளிக்கு இதைப் போல இரண்டு மடங்கு. விறகோ, கேஸோ, கரண்டோ, வெயிலோ, எதை வைத்துச் சூடாக்கினாலும் இந்த அளவு சூடு தண்ணீருக்குள் போயே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் நான்கு வாளி. வாளியில் மொண்டு குளிக்கிற வீட்டுக்கும் ஷவர் வைத்த வீட்டுக்கும் ஒரே யோசனையைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

கீசருக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள். கரண்ட் அதன் வழியாகப் போகும்போது எலக்ட்ரான்கள் உலோக அணுக்களோடு மோதி மோதிச் சூடாகிறது, அந்தச் சூடு அப்படியே தண்ணீருக்குள் போகிறது. ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. எங்கேயும் ஒழுகவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும், சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். ஆனால் அந்த ஒரு யூனிட் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். நெய்வேலியிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ நிலக்கரியை எரித்து, நூற்றுக்கணக்கான டிகிரியில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். எரித்த சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாக மாறுகிறது, மீதி குளிர்விப்பு நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. அப்படி மூன்றில் இரண்டு பங்கை இழந்து, கம்பி வழியாக நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் கொண்டுவந்து, கடைசியில் குளியலறையில் மறுபடியும் வெறும் சூடாக மாற்றுகிறோம், அதுவும் 40 டிகிரிக்கு. மோட்டாரைச் சுற்றலாம், விளக்கை எரிக்கலாம், கம்ப்யூட்டரை ஓட்டலாம், எதற்கும் பயன்படக்கூடிய ஆற்றல் அது. அதைப் பிடித்து வைத்து, அடுப்பில் நாலு சிராய் வைத்தாலே முடிகிற வேலையை வாங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் ஒரு இழப்பு உண்டு. தொட்டிக்குள் சூடாக நிற்கும் தண்ணீர், யாரும் குளிக்காவிட்டாலும் சுவர் வழியாகச் சூட்டைக் கசிய விட்டுக்கொண்டே இருக்கும், வெப்பம் குறைந்தால் கரண்டைத் தானாகப் போடும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது விழித்து அதைச் சரிக்கட்டும். கீசரின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் இந்தக் கசிவைத்தான் அளக்கின்றன; எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. காலையில் போட்ட சுவிட்சை மதியம் வரை அணைக்காத வீடுகளில் ஐந்து நட்சத்திரமும் அவ்வளவாக உதவாது.

சரி, ஒன்று எப்படி மூன்றாகிறது?

ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவுவார்களே, அந்த இடம் ஜில்லென்று ஆகும். திரவம் ஆவியாகப் போகும்போது தனக்குத் தேவையான சூட்டைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது, இங்கே பக்கத்தில் இருப்பது உங்கள் தோல். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும். வாயுவை அழுத்தினால் அது சூடாகும். இந்த இரண்டையும் ஒரு குழாய்க்குள் வைத்து வட்டமாகச் சுற்றவிட்டால் அதுதான் ஹீட் பம்ப்.

குழாய்க்குள் ஓடுவது மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிற ஒரு பொருள். ஆர்-134ஏ என்ற வாயு சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், புரொப்பேன் மைனஸ் 42ல். அப்படிப்பட்ட ஒரு திரவத்துக்குச் சென்னைக் காற்றின் 30 டிகிரி என்பது கொதிக்கும் அடுப்பு மாதிரி. விசிறி ஒன்று வெளிக்காற்றை ஒரு சுருள் குழாயின் மேல் ஊதுகிறது, உள்ளே திரவம் காற்றிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இறுக்கி அழுத்துகிறது, அழுத்த அழுத்த அதன் வெப்பம் 60, 70 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. இப்போது அதைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய இன்னொரு சுருளுக்குள் அனுப்பினால், தன் சூட்டையெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. அப்புறம் ஒரு குறுகிய வால்வு வழியாகப் பீறிட்டு அழுத்தம் குறைந்து, சில்லென்று ஆகி, காற்றிடம் மறுபடி சூடு வாங்கப் போய்விடுகிறது.

ஃபிரிட்ஜும் இதேதான். அதன் பின்புறமோ பக்கவாட்டோ கை வைத்தால் சுடுகிறதல்லவா, அது உள்ளே வைத்த பாலிலும் காய்கறியிலும் இருந்து இறைத்து வெளியே கொட்டிய சூடு. ஹீட் பம்ப் வெளியே இருக்கிற காற்றிலிருந்து இறைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டுகிறது.

கிணற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறோம். மோட்டார் தண்ணீரை உண்டாக்கவில்லை, மேலே தூக்குகிறது. அந்தத் தூக்குகிற வேலைக்கு மட்டும்தான் கரண்ட். கம்ப்ரஸரும் அப்படியே. மூன்று யூனிட் சூட்டில் இரண்டு யூனிட் காற்றில் ஏற்கனவே இருந்தது, வெயில் கொடுத்தது, ஒரு யூனிட் நாம் கொடுத்தது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கிணறு சொன்னதும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை, பிறகு "அப்படீன்னா தண்ணி மட்டம் கீழ போனா கரண்ட் ஜாஸ்தி இழுக்குமே?" என்று கேட்டார். விஷயத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

ஆமாம், இழுக்கும். காற்றுக்கும் தொட்டிக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, கிணறு அவ்வளவு ஆழம். 30 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரித் தண்ணீருக்குத் தூக்குவது சுலபம். ஊட்டிக் காலையில் 8 டிகிரிக் காற்றிலிருந்து தூக்குவது கடினம், அங்கே மூன்று என்பது இரண்டரை, இரண்டு என்று இறங்கும். அப்போதும் கீசரின் ஒன்றைவிட மேல்தான். குளிர்காலத்தில் பனி உறைகிற நாடுகளே இந்தக் கருவிக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, வருடம் முழுக்கச் சூடான காற்று சும்மா கிடக்கிற நம் ஊரில் இதைப் பற்றிய பேச்சு இவ்வளவு குறைவாக இருப்பது ஆச்சரியம்தான். யோசனையும் புதிதல்ல. வெளியிலிருந்து சூட்டை இறைத்து வீட்டைச் சூடாக்கலாம், நேரடியாக எரிப்பதைவிடக் குறைந்த எரிபொருள் போதும் என்று வில்லியம் தாம்சன் 1852லேயே எழுதிவிட்டார், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். ஜப்பானில் 2001ல் கார்பன் டை ஆக்சைடையே குழாய்க்குள் ஓடவிட்டு 90 டிகிரி வரை சூடாக்கும் 'எக்கோ க்யூட்' வகைக் கருவிகள் வீடுகளுக்கு வந்துவிட்டன. குழாய்க்குள் எந்த வாயு ஓடுகிறது என்பதும் முக்கியம். ஆர்-134ஏ கசிந்தால் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும், அதனால் புரொப்பேன் ஓடும் மாடல் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே.

கணக்குக்கு வருவோம். 150 லிட்டர் தண்ணீரை 27லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்றால் 4,200 கிலோ கலோரி, கீசரில் கிட்டத்தட்ட 5 யூனிட். ஹீட் பம்பில் 1.6 யூனிட். தினமும் 150 லிட்டர் செலவாகிற கூட்டுக்குடும்பத்துக்கோ விடுதிக்கோ இது பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடுவதால், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வீடுகளுக்குச் சேமிப்பு இன்னும் கூடும். ஆனால் நான்கு பேர் ஆளுக்கொரு வாளி குளிக்கிற மதுரை வீட்டுக்கு மொத்தத் தேவையே ஒன்றரை யூனிட் போல. அதில் ஒரு யூனிட் மிச்சமானால் மாதம் 30 யூனிட். கீசரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவி அந்தப் பணத்தைத் திருப்பித் தர எத்தனை வருடம் ஆகும் என்று பாருங்கள். அந்த வீட்டுக்கு நான் ஹீட் பம்ப் வாங்கச் சொல்ல மாட்டேன். குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற பழக்கம் போதும்.

இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. வெளிப்பெட்டி மாதிரி சத்தம் வரும், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் வைத்தால் அறைக் காற்றையே குளிரவைத்துத் தன் கிணற்றைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும். மெதுவாகத்தான் சூடாகும், பெரிய தொட்டி நிறைய சில மணி நேரம் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே ஓடவிட வேண்டும்.

இப்படிச் சொன்னால் உடனே வரும் கேள்வி, சோலார் ஹீட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது. மொட்டை மாடி உங்களுடையது என்றால் சோலார் ஹீட்டர் அருமையான பொருள், அதில் மோட்டாரே கிடையாது. தகட்டில் சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும், தொட்டியின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தகட்டுக்கு இறங்கும், வெயில் இருக்கிற வரை இந்தச் சுழற்சி நிற்காது. இதனால்தான் தொட்டி தகட்டைவிட மேலே இருக்க வேண்டும். கீழே வைத்துவிட்டால் சுழற்சி நடக்காது, இரவில் எதிர்த்திசையில் ஓடிச் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். கண்ணாடிக் குழாய் வகையில் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம், நம் பிளாஸ்க்கின் தத்துவம்தான். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும், எங்கள் வீட்டில் அதைக் கவனிக்காமல் விட்டு நான்காவது வருடமே தண்ணீர் சரியாகச் சூடாகாமல் போனது.

சோலார் ஹீட்டரின் பலவீனம், வெந்நீர் அதிகம் தேவைப்படுகிற ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் வெயில் இருக்காது. அதற்காகத் தொட்டிக்குள் ஒரு கரண்ட் சுருளும் வைத்துத் தருவார்கள், அதை மழை விட்ட பிறகும் அணைக்காமல் விட்டால் மாடியில் பெரிய கீசர் ஓடுகிறது என்று அர்த்தம்.

மாடியில் ஏற்கனவே சோலார் மின்தகடு போட்டவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும், ஆனால் ஹீட் பம்ப் அதை மூன்று மடங்காக்குவதால் கிட்டத்தட்ட அறுபது சதவீதம், அதாவது சோலார் ஹீட்டரின் அளவுக்கே வந்துவிடுகிறது. மதியம் 12 மணியிலிருந்து 3 மணிக்குள் ஓடும்படி டைமர் வைத்துவிட்டால், காற்று மிகச் சூடாக இருக்கிற, தகடு மிக அதிகம் தருகிற நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். மறுநாள் காலைக் குளியலுக்கு அந்தத் தொட்டியே பேட்டரி.

வெப்பத்தை எவ்வளவில் வைப்பது? குறைவாக வைத்தால் மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் நாள்கணக்கில் தேங்கும் பெரிய தொட்டியை 40 டிகிரியில் வைக்காதீர்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20லிருந்து 45 டிகிரி வரையான தேங்கிய தண்ணீரில் பெருகும், ஷவர் திவலையோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். 60 டிகிரியில் அது பிழைக்காது. நல்ல ஹீட் பம்புகளில் வாரம் ஒருமுறை தானாக அந்த அளவுக்கு ஏற்றும் வசதி இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

குழாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெந்நீருக்குப் போடுகிற முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு 16 மீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் 4 லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும், குளித்து முடித்ததும் அதே 4 லிட்டர் வெந்நீர் பைப்பிலேயே ஆறிப்போகும். ஒரு வாளிக்கு இது ஐந்தில் ஒரு பங்கு இழப்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் பெரும்பாலான வீடுகளில் கீசர் போனால் மறுபடி கீசர்தான் வருகிறது. காரணம், அது ஒழுக ஆரம்பிப்பது ஒரு காலையில், மறுநாள் காலை எல்லாரும் குளித்தாக வேண்டும், கடையில் அன்றே மாட்டித் தருவது கீசர் ஒன்றைத்தான். அதனால் பழைய கீசர் நன்றாக ஓடும்போதே, மாடியிலோ பின்கட்டிலோ காற்றோட்டமான இடம் இருக்கிறதா, தண்ணீர் நிறைந்த 200 லிட்டர் தொட்டியின் எடையை அந்தத் தளம் தாங்குமா, அங்கிருந்து குளியலறைக்கு எத்தனை மீட்டர் பைப், அந்த இடத்தில் எர்த் கொடுத்த தனி பாயின்ட் உண்டா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து எழுதி வைத்துவிடலாம். சித்தப்பா போன வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டை அளந்துவிட்டார். பதினொரு மீட்டர் என்று சொன்னார், நடுவில் ஒரு சுவரை உடைத்தால் ஆறு மீட்டரில் முடியுமாம்.