திரட்சியா, திரட்டலா?

சிறு மூலக்கூறுகள் கோத்துக்கோத்து நீண்ட பாலிமர் சங்கிலிகள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் ஃபோல்டிங், அக்ரிகேஷன். ஒரு சங்கிலி தன்மேலேயே சுருண்டு ஒரு வடிவத்துக்கு வருவது முதலாவது. மடிப்பு என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். பல சங்கிலிகள் ஒட்டிக் கட்டியாவது இரண்டாவது. இதைத்தான் தொகுப்பு, குவிப்பு, திரட்டல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம்.

அக்ரிகேஷனின் வேர் லத்தீன். 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையோடு சேர்ப்பது 'அக்ரிகாரே'. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இராமநாதபுரத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் கிடையில் ஆட்டை மடக்க ஆள் உண்டு. சங்கிலிகளுக்கு யாரும் இல்லை.

எளிய மாதிரியில், கட்டம் போட்ட தளத்தில் வரிசையாகக் கோத்த மணிகள்தான் சங்கிலி. சில மணிகளுக்குத் தண்ணீர் ஆகாது. அவை இரண்டு அடுத்தடுத்த கட்டங்களில் வந்தால் ஆற்றல் குறையும். கணினி ஏதோ ஒரு மணியை நகர்த்திப் பார்க்கும். ஆற்றல் கூடாவிட்டால் நகர்வு செல்லுபடியாகும். கூடினால், வெப்பநிலையைப் பொறுத்து எப்போதாவது செல்லுபடியாகும். 1953இல் இயற்பியலாளர் மெட்ரோபொலிஸ் குழுவினர் வெளியிட்ட விதி இது. வெப்பநிலையைக் குறைத்தால் தனிச் சங்கிலி மடிந்து, தண்ணீர் ஆகாத மணிகளை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அப்புறம் அதே தளத்தில் பல சங்கிலிகளை விட்டால்? மணிக்குத் தன் சங்கிலி, அடுத்த சங்கிலி என்ற பேதம் கிடையாது. மடிந்து முடிப்பதற்குள் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். நெருக்கம் கூடக்கூட இது அதிகம். புரதமும் ஒரு பாலிமர் சங்கிலிதான். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டும் இப்படித் திரண்ட புரதம்தான்.

ஆகவே தொகுப்பு பொருந்தாது, தொகுக்க ஒருவர் வேண்டும். திரட்டலும் பிறவினை. கும்பகோணத்து அடுப்படியில் திரட்டுப்பால் கிண்டக் கை வேண்டும். வலைப்பதிவுகளைச் சேர்த்துத் தரும் நிரலைத் திரட்டி என்றதும் சரியே. ஐப்பசி மேகமோ தானே திரள்கிறது. நிகழ்வுக்குத் திரள்தல் அல்லது திரட்சி, உண்டாகும் கட்டிக்குத் திரள் என்று எழுதலாம். உறைதல் வேண்டாம், அது தயிருக்கு உரியது. அடியில் படிந்தால்தான் வீழ்படிவு.

பாலிமருக்குப் பலபடி, பல்லுறுப்பி இரண்டும் புழங்குகின்றன. கிரேக்கத்தில் 'மெரோஸ்' என்றால் பகுதி என்பதால் எனக்குப் பல்லுறுப்பியே பிடிக்கும். இலங்கையில் பல்பகுதியம் என்கிறார்கள். கணினியில் இப்படி ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்குப் பாவனை என்று வைக்க ஆசைதான், ஆனால் அங்கே பாவனை என்றால் பயன்பாடு. இப்போதைக்கு, நாக்கு சுளுக்கினாலும், உருவகப்படுத்தல்.